காணாமல் போன காடுபாப

இன்று காலை பள்ளிச் சமையலறையில் மைதா பசை காய்ச்சினேன். கொதிக்கும்போது எழும் அந்த மாவு வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. "கட்டி தட்டாம கிண்டுடி, சுவத்துல ஒட்டறதுக்கா, இட்லி ஊத்தறதுக்கா?" என்று பக்கத்தில் நின்று நீ அதட்டியது போலவே இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அருகி வரும் விலங்குகள் என்ற பாடத்தை நம் கன்னடப் பள்ளியின் நாலாம் வகுப்புக்கு நான் நடத்தியிருந்தால், புத்தகத்தில் உள்ளதைப் படித்துக் கேள்வி பதில் எழுத வைத்திருப்பேன். நீ அப்படியா? மைசூர் சப்-அர்பன் பஸ் ஸ்டாண்டுத் தூணில் யாரையோ காணவில்லை என்று ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்துவிட்டு வந்து, "பஸ் ஏற வந்தவங்க அத்தனை பேரும் நின்னு படிக்கறாங்கடி. மிருகத்துக்கு ஒட்டினா படிக்க மாட்டாங்களா?" என்று கேட்டாய். ஆளுக்கு ஒரு விலங்கு. படம், நிறம், அடையாளம், கடைசியாகப் பார்த்த இடம் எல்லாம் பிள்ளைகளே எழுத வேண்டும். பிறகு காம்பவுண்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். தலைமையாசிரியர் கொஞ்சம் முனகினார். நீ கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாளே வினை வந்தது. நீ ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினாய். ஒல்லிக் கை கால், முகம் நிறையக் கண். பின்பெஞ்சில் இருந்த தமிழ்ப் பையன்கள் "இது என்ன மிஸ்?" என்றார்கள். கன்னடப் பேரைச் சொல்லும் முன்னால், வீட்டில் தமிழ் பேசும் கொள்ளேகால்காரி, உன் வாயில் வீட்டுப் பேர்தான் வந்தது. "தேவாங்குடா." அவ்வளவுதான். தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் மல்லிகா பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

மல்லிகாவின் அப்பா தர்மபுரிப் பக்கத்துக் கொத்தனார், அம்மா சித்தாள். பள்ளிக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் வேலை, அங்கேயே தகரக் கொட்டகையில் குடித்தனம். குச்சி உடம்பும் பெரிய கண்ணுமாக இருப்பாள் அந்தப் பெண். தமிழ்ப் பிள்ளைகள் அவளுக்கு அந்தப் பேரை ஏற்கெனவே வைத்திருந்தார்கள், நமக்குத்தான் தெரியவில்லை. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

கொட்டகைப் பிள்ளைகள் நின்றால் நின்றதுதான், உனக்குத் தெரியாதா? சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அவள் அப்பா கை கழுவியபடியே, "வுடுங்க டீச்சர், தம்பியப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்" என்றார். நீ அவரிடம் வாதாடவில்லை. மணல் குவியல் மேல் உட்கார்ந்திருந்தவளிடம் போய், "நாஞ் சொன்னது தப்புத்தான் கண்ணு. உனக்குப் புடிச்ச மிருகம் எதுன்னாலும் எடுத்துக்க. புலி வேணுமா?" என்றாய்.

அவள் மணலை அள்ளி அள்ளிக் கொட்டினாள். பிறகு, "அதுக்குக் கன்னடத்துல என்ன மிஸ் பேரு?" என்றாள்.

"காடுபாப. காட்டுப் பாப்பான்னு அர்த்தம்."

"அப்ப அதையே எழுதறேன்."

எழுதினாள். மறுநாள் வகுப்புக்கு வந்து, அடடா, என்ன அழகாக எழுதினாள்! 'காடு' என்ற எழுத்துகளை மரமாக, கிளையாக, இலையாக வரைந்து பச்சை அடித்திருந்தாள். அழகுதான், ஆனால் அது எழுத்து என்றே யாருக்கும் தெரியாது. மீதிதான் பளிச்சென்று நின்றது. 'பாப காணெயாகிதெ', பாப்பாவைக் காணவில்லை. 'ஒல்லி உடம்பு, பெரிய கண். பேசாது. கண்டவர்கள் நாலாம் வகுப்பில் சொல்லவும்.' படத்தையோ இலைக்குள் பாதி ஒளித்துவிட்டாள். நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். நம் இருவருக்கும் அது காடுபாப என்று தெரியும், அதனால் காடு இல்லாதது கண்ணில் படவே இல்லை.

கட்டடத்து வாட்ச்மேன் கன்னடக்காரர். டீ குடிக்கப் போகிற வழியில் அதை உரக்கப் படித்திருக்கிறார். சாரத்தில் நின்ற தமிழ் ஆட்களுக்குக் காதில் விழுந்தது, பாப்பாவைக் காணோம். ஒல்லி, பெரிய கண் என்று அவர் கையைக் காட்டி விளக்கியதும் மல்லிகாவின் அம்மா சிமெண்டுச் சட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பின்னாலேயே கொத்தனார், சித்தாள் என்று ஒரு கூட்டம். "எம் புள்ள எங்க டீச்சர்? எங்க வுட்டீங்க?" என்று வகுப்பு வாசலில் நின்று கதறினாள். பிள்ளை மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது! கண்டதும் கட்டிக்கொண்டாள், அதே கையால் முதுகில் ஒன்று வைத்தாள். தலைமையாசிரியர் வந்து "மொதலு அதன்ன தெகீரி", முதலில் அதை எடுங்கள் என்று சுவரைக் காட்டிக் கத்தினார். எல்லாவற்றையும் கிழித்துவிடுவார் என்றே நினைத்தேன். நீ வாயைத் திறந்தாய். அதற்குள் மல்லிகா எழுந்துவிட்டாள்.

"அது தேவாங்கும்மா. நான் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. பின்பெஞ்சுப் பையன்கள் குனிந்துகொண்டார்கள். அவள் அப்பாதான் மெல்ல, "தேவாங்கா? எங்கூரு புளியந்தோப்புல ராத்திரி கத்துமே. இப்ப ஏது?" என்றார். கூட்டம் சுவருக்குப் போனது. மல்லிகா ஒவ்வொரு நோட்டீசாகத் தமிழில் படித்துச் சொன்னாள். தலைமையாசிரியரும் நின்று கேட்டார். பிறகு கிழிக்கச் சொல்லவில்லை.

அதோடு அந்தப் பேர் ஒழிந்தது என்று சொன்னால் பொய். கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். வருஷம் முழுக்க ஒழுங்காக வந்தாள். கோடை விடுமுறையில் கட்டடம் முடிந்தது, கொட்டகையைப் பிரித்தார்கள். பெங்களூரு என்றார்கள், ஓசூர் என்றார்கள். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னால் எழுந்து உட்கார முடியாத நாளிலும் அதைத்தான் கேட்டாய். "அந்தப் புள்ள படிக்குதாடி?" படிக்கிறாள் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்ல? நீ போன பிறகு ஆத்திரமாக வந்தது, உன்மேல்தான். கேள்வியை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாயே.

பள்ளிக்கு எதிர்ப்புறம் இந்த வருஷம் புதுக் கொட்டகைகள் போட்டிருக்கிறார்கள். நேற்று போனேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒருத்தியிடம், "புள்ள படிக்குதுங்களா?" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்குக் கொள்ளேகாலுங்களா?" என்றாள். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் மைசூர், என் தமிழில் பாதி கன்னடம், அந்தக் கேள்வி மட்டும் உன் பேச்சில் வந்திருந்தது.

"ஆமாங்க" என்றேன். நாளைக்குத் தன் மகளை அனுப்புகிறாளாம்.