மூன்றாவது சோற்றுப் பொட்டலம்

பக்கத்து வீட்டில் புளி கொதிக்கிறது. நாளைக் காலையில் அந்த வீட்டு ஆட்கள் பஸ் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்களாம், அதற்குப் புளிச்சோறு. புக்கிட் ரம்பாயில் இந்த வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரே ஒரு சுவர்தான். நல்லெண்ணெயில் மிளகாயும் வெந்தயமும் பொரியும் வாசனை என் படுக்கை வரை வந்துவிட்டது. சற்று முன் அந்த வீட்டு மருமகள் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து, "ஆண்ட்டி, உப்பு பாத்துச் சொல்லுங்கலா" என்று நீட்டினாள். புளிச்சோறு எனக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பினேன். வயதான வயிறு என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. இல்லை என்று ஆன பிறகு பேனாவை எடுத்திருக்கிறேன். என் லட்சணம் அது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைவிட நீங்கள் எட்டு வயது மூத்தவர். ஆனாலும் தோட்டத்தில் உங்களை நான் 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன். நீங்கள் என்னைக் 'கிராணியம்மா' என்றீர்கள். என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, நீங்கள் ரப்பர் மரத்தில் பால்வெட்டு. இருவரும் அப்படித்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது அக்கா என்று எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் தொடங்கி மூன்றாவதோ நான்காவதோ வருடம். டுரியான் துங்கால் பக்கம் நம் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி இரட்டை முள்கம்பி, வெளியே போக ஒரே ஒரு கேட்டு. விடியலில் பால் வெட்டப் போகிறவர்கள் அந்தக் கேட்டில் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் தூக்க வேண்டும். பெண்களைச் சோதிக்க ஒருத்தியை வைத்திருந்தார்கள். இடுப்பு, முந்தானை, கொண்டை ஒன்றையும் விடமாட்டாள். அவள் தேடியது கத்தியை அல்ல, சோற்றை. காட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு ஒரு பிடி சோறு போய்விடக் கூடாது என்பது சட்டம். கிராணி பெண்டாட்டி என்பதால் என்மேல் மட்டும் ஒரு விரல் பட்டதில்லை.

உங்கள் வீட்டுக்காரரைக் கொண்டுபோனதும் சோற்றுக்காகத்தான். அவர் வெட்டும் நிரையில் ஒரு மரத்தடியில் பொட்டலம் கிடந்ததாம். அவர் வைத்ததைப் பார்த்தவர் இல்லை. ஐந்து மாதமாகத் தடுப்பு முகாமில் இருந்தார். என் வீட்டுக்காரர் இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்தார். சாட்சி இல்லாத கேஸ், அடுத்த வாரம் விசாரணையில் விட்டுவிடுவார்கள் என்று தோட்டத்துத் துரையே சொல்லியிருந்தார். விடாவிட்டால் கப்பல். அந்த நாளில் கப்பல் என்றால் இந்தியாவுக்கு நாடு கடத்தல்.

அப்படிப்பட்ட வாரத்தில்தான் எனக்குக் கோட்டை பார்க்கும் ஆசை வந்தது. எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். கம்பிக்குள் மூச்சு முட்டுகிறது, மலாக்காவில் பிறந்து வளராவிட்டாலும் மலாக்கா மாநிலத்தில் குடியிருந்துகொண்டு அந்த நானூறு வருஷக் கோட்டை வாசலைக்கூடப் பார்க்கவில்லையே என்று வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. டவுனிலிருந்து ஒரு காரைச் சொல்லிவிட்டார். ஓட்டி வந்தவர் நாகூர்ப் பூர்வீகம், எல்லோருக்கும் அவர் 'நானா', அண்ணன் முறை. துரைமார் வீட்டு விருந்தாளிகளை அழைத்துப் போய்க் கோட்டையையும் மலையையும் சுற்றிக் காட்டிக் கதை சொல்வது அவர் பிழைப்பு. துணைக்கு உங்களை அழைத்தேன். "விசாரணை வர்ற நேரத்துல ஊர் சுத்தப் போனா நல்லாருக்குமா கிராணியம்மா?" என்று தயங்கினீர்கள். "ஒரு நாள்தானே, வா" என்றேன். வந்தீர்கள். நான் கூப்பிட்டு நீங்கள் எப்படி வராமல் இருப்பது?

கேட்டில் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் கிராணி ஏற்பாடு செய்த கார் என்று கையசைத்து விட்டுவிட்டார்கள். சாலையின் இரு பக்கமும் ஐம்பது கெஜத்துக்கு மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதற்கப்பால் ரப்பர் மரங்கள் இருட்டாக நின்றன. ஒரு வளைவில் எரிந்துபோன பஸ் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. போன வாரம் அது அங்கே இல்லை. "அந்தப் பக்கம் பாக்காதீங்கம்மா, புள்ளத்தாச்சி" என்று சொல்லிவிட்டு நானா வேகத்தைக் கூட்டினார்.

கோட்டை என்றால் மதிலும் கோபுரமும் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அங்கே ஒரு வாசல் மட்டும் நின்றது. கறுத்த கல், மேலே சிதைந்த சிற்பம், இடமும் வலமும் வெறும் புல். "போர்த்துக்கீசியன் கட்டினது, டச்சுக்காரன் புடிச்சான், அப்பறம் வெள்ளக்காரன் வெடி வச்சு ஒடச்சான். இந்த ஒரு வாசல் மட்டும் தப்பிச்சிருச்சு" என்று நானா சொன்னார். நீங்கள் அதற்குள் நடந்தீர்கள். வளைவுக்குக் கீழே போனதும் உங்கள் இரண்டு கைகளும் தாமாக மேலே எழுந்தன. பாதி வழியில் உங்களுக்கே அது தெரிந்து, கையைத் தொங்கப்போட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நானா சிரிக்கவில்லை.

மலைமேல் கூரையில்லாத மாதா கோயில். உள்சுவரில் ஆள் உயரக் கல்லறைப் பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். இடிந்த சன்னல் வழியே கடல் தெரிந்தது. கப்பலை விட்டு இறங்கிய நாளுக்குப் பிறகு நீங்கள் கடலைப் பார்க்கவேயில்லை என்றீர்கள். "அந்தப் பக்கந்தானே நம்ம ஊரு?" என்று கேட்டதற்கு, "அது சுமாத்ரா, ஊரு அதுக்கும் அப்பால" என்று நானா சொன்னார். "அப்பாலயே இருக்கட்டும். எம் புள்ளைங்களுக்கு இங்கதான்" என்றீர்கள்.

பகல் ஏறியது. ஒரு கல்மேல் உட்கார்ந்து என் துணிப்பையைத் திறந்தேன். வாழையிலையில் கட்டிய மூன்று புளிச்சோற்றுப் பொட்டலங்கள். உங்களுக்கு, எனக்கு, நானாவுக்கு. பயணம் என்றால் கட்டுச்சோறு; வண்டி ஓட்டுகிறவருக்கும் சேர்த்துத்தான் கட்டவேண்டும். என் அம்மா அப்படித்தான் செய்வாள், நானும் அப்படியே செய்தேன். மூன்று நாள் அரிசியை மிச்சம் பிடித்து, விடியுமுன் எழுந்து, யாருக்கும் சொல்லாமல் கட்டியது. உங்களை அசத்த வேண்டும் என்று ஆசை.

உங்கள் முகம் செத்துப்போயிற்று. "கிராணியம்மா... கேட்டுக்கு வெளிய சோறா கொண்டாந்தீங்க?"

"எங்களை யாரு சோதிக்கிறா?" என்றேன். இன்றைக்கும் என் காதில் விழுகிறது, அந்தக் குரல்.

நானா அக்கம்பக்கம் பார்த்தார். "சட்டுனு சாப்பிட்டு எலைய மலைக்குக் கீழ வீசுங்க. எனக்கு வேணாம்மா" என்றார். நீங்களும் நானும் ருசி தெரியாமல் விழுங்கினோம். மூன்றாவது பொட்டலத்தைப் பிரிக்கப் போனபோது இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காமிராவோடு படியேறி வந்தார்கள். நீங்கள் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டீர்கள். அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, இறங்கிப் போனார்கள். இரண்டே நிமிடம். எனக்கு வயிற்றுப் பிள்ளை புரண்டது.

"அதையும் வீசிருங்க" என்றார் நானா. நீங்களும் எழுந்தீர்கள். நான்தான் தடுத்தேன். அளந்து கொடுக்கிற அரிசி, வீசினால் பாவம் என்றேன். "உம் புள்ளைங்களுக்கு எடுத்துக்கிட்டுப் போ" என்றேன். "வேணாங்க" என்றீர்கள். இரண்டு தடவை வேண்டாம் என்றீர்கள். "நான் சொல்றேன்ல, எடுத்துக்க" என்றதும் பேசாமல் மடியில் செருகிக்கொண்டீர்கள். அந்தப் பொட்டலத்துக்கு வாசனை வேறு. கார்க் கதவை மூடியதும் உள்ளே புளியும் நல்லெண்ணெயும் மணந்தன.

ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள் என்பதால் நான்கு மணிக்கே திரும்பினோம். எரிந்த பஸ்ஸுக்கு இந்தப் பக்கம், காலையில் இல்லாத தடுப்பு ஒன்று சாலைக்குக் குறுக்கே கிடந்தது. இரண்டு லாரி நிறையச் சிப்பாய்கள். பக்கத்துக் காட்டில் ஏதோ நடந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. மலாய்க் கான்ஸ்டபிள் ஒருவர் பின்கதவைத் திறந்தார். குனிந்தவர் நிமிரவில்லை, மூக்கை உறிஞ்சினார். உங்கள் மடியைக் காட்டி எடுக்கச் சொன்னார். பொட்டலம் வெளியே வந்தது.

"நாசி சியாபா?" யாருடைய சோறு?

வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும். என்னைக் கொண்டுபோயிருப்பார்கள். ஆனால் கிராணி பெண்டாட்டி, வயிற்றில் பிள்ளை, துரை வந்திருப்பார், ஒரு திட்டோடு முடிந்திருக்கும். இதை இப்போது உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். அப்போது எனக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான். முன் கண்ணாடியில் நானாவின் கண் என்னைப் பார்த்தது. நீங்களும் பார்த்தீர்கள், ரொம்ப நேரம் இல்லை. பிறகு, "சாயா புன்யா" என்றீர்கள். என்னுடையது.

உங்களை லாரியில் ஏற்றினார்கள். மீதி வழியில் நானா ஒரே ஒரு தடவை பேசினார். "நான் எதையும் பாக்கலம்மா. எனக்கும் லைசென்சு வேணும்ல." அவரை நான் குறை சொல்ல முடியுமா?

மறுநாள் ஸ்டேஷனில் என்னையும் விசாரித்தார்கள். மொழிபெயர்க்க ஒரு தமிழர் இருந்தார். "அந்தச் சோறு எங்கேருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று மரியாதையாகக் கேட்டார். உட்கார நாற்காலி கொடுத்தார்கள். "எனக்குத் தெரியாதுங்க. அவளத்தான் கேக்கணும்" என்றேன். காரில் வாய் திறக்காததைப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம், அக்கா. நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதற்கு என்ன பெயர்?

உங்களைப் பதினோரு நாள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குள் உங்கள் வீட்டுக்காரரின் விசாரணை முடிந்துபோயிற்று. புருஷன் வைத்தது போதாதென்று பெண்டாட்டியும் காட்டுச் சாலையில் சோறு கொண்டு போயிருக்கிறாள். இனி என்ன சாட்சி வேண்டும் என்றார்களாம். கப்பல் என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பதினோரு நாளும் உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் என் வீட்டிலிருந்து சாப்பாடு போயிற்று. கிராணியம்மாவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று லயமே பேசியது. நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் பொறுக்க மாட்டாமல், "எத்தன தடவ காலையில ஆள் எண்ணுற பெரட்டுல நின்னு சொல்லியிருப்பேன்! புருஷன் உள்ள இருக்கிறப்ப எந்தப் பொம்பளயாவது சோத்தத் தூக்கிட்டுப் போவாளா?" என்று கத்தினார். "படிக்காத ஜனங்க, பாவம்" என்றேன். அவர் சாகும்வரை அதை நம்பினார். நாற்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்திருந்த மனிதருக்கும் நான் சொல்லவில்லை.

நீங்களும் பிள்ளைகளும் கப்பலேற லாரி வந்த அன்று, பின்வாசலுக்கு வந்து நின்றீர்கள். திட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். நான் அழுதுகொண்டே ஏதோ சொல்ல வந்தேன். "அழுவாதீங்க, வயித்துப் புள்ளைக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு, சின்னவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். என் மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அவளுக்குப் பேரப்பிள்ளைகள்கூட வந்தாயிற்று.

போன மாதம் உங்கள் சின்னவர் போன் செய்தார். யார் யாரையோ பிடித்து என் எண்ணை வாங்கியிருக்கிறார். "கிராணியம்மாங்களா? அம்மா தவறிட்டாங்க. உங்களுக்குத் தெரியப்படுத்தணும்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றார். அறுபது வயது தாண்டிய குரல், அசல் ஊர்ப் பேச்சு. என்னைப் பற்றி நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்தேன். அவராகவே சொன்னார்: "நாங்க அனாதையா நின்னப்ப நீங்கதான் சோறு போட்டீங்கன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க." அவர் நிறுத்தவில்லை. "எங்கமேல ஆசப்பட்டு அம்மா அந்த ஒரு பொட்டலத்த எடுத்துட்டு வந்துருச்சு. அதாலதான் குடும்பமே இப்படி ஆச்சுன்னு அப்பாவுக்குக் கோவம். ஒரே வீட்டுல இருந்தாரு, ஆனா கடைசி வரைக்கும் அம்மா கையால ஒரு வாய் சோறு வாங்கித் திங்கல. அம்மாவும் ஒரு வார்த்த எதுத்துப் பேசுனதில்ல."

நீங்கள் உங்கள் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு வருடம், அவ்வளவு வேளை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள். இனி சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். உங்கள் பிள்ளை போனின் அந்தப் பக்கம் காத்திருந்தார்.

"தம்பி" என்றேன்.

"சொல்லுங்கம்மா."

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன், அக்கா.