பன்னிரண்டு தப்புக் குறிகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் நூற்றுக்கு நூறு.

ஸ்பானிஷ் வாக்கியங்களில் வரும் எண் சொற்களுக்கு இலக்கணக் குறி போடுவது எங்கள் வேலை. இது எண்ணிக்கை, இது வரிசை, இது பின்னம் என்று. ஒரே வாக்கியத்தை இருவர் தனித்தனியே குறிக்க வேண்டும்; அதைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது. சேர்ந்து ஐந்து வாரமே ஆன புதியவளுக்கும், ஏழு வருடமாக இங்கே குப்பை கொட்டுகிற எனக்கும் ஒரு குறிகூட மாறாதாம்!

காப்பியடிக்கிறாள். வேறென்ன?

மார்ச் 6

மாதக் கடைசியில் எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் ஒப்பந்த நீட்டிப்பு; மற்றவர் இடத்துக்குப் புது ஆள் வருவாராம். "யாரு பேர்ல தப்பு கம்மியோ அவங்க இருப்பாங்க" என்றார் மேற்பார்வையாளர்.

அவள் இருக்கை எனக்கு நேர் பின்னால். "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று தினமும் ஒரு விசாரிப்பு. எதற்கு இந்தக் குழைவு?

மார்ச் 7

திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். அப்படியும் நூறு.

மார்ச் 10

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "நீ சரியா போடுற, அந்தப் பொண்ணும் சரியா போடுது. இதுல என்ன இருக்கு?" இவருக்கு எல்லாமே சுலபம்.

நானும் சும்மா இல்லை. பன்னிரண்டு இடத்தில் வேண்டுமென்றே தப்பாகக் குறித்துவிட்டேன். 'இரண்டாவது மாடி'யில் வரும் 'இரண்டாவது'க்கு எண்ணிக்கைக் குறி! அவளும் அதையே போட்டால் கையும் களவுமாக மாட்டுவாள்.

மார்ச் 11

பன்னிரண்டிலும் சரியாகப் போட்டிருக்கிறாள்.

மார்ச் 12

இருவர் குறியும் மாறுபட்ட இடங்களின் முரண்பாட்டுப் பட்டியல் முதலில் அவளிடம் போயிருக்கிறது. 'என்னுடையதே சரி' அல்லது 'விட்டுக்கொடுக்கிறேன்' — இரண்டில் ஒன்றை அழுத்த வேண்டும். விட்டுக்கொடுத்தால் தப்பு அவள் பேரில். அவள் ஏன் விடப்போகிறாள்? பன்னிரண்டும் என் தலையில்தான்.

போய்ச் சொல்லிடலாமா? என்னன்னு? உன்னைத் திருடின்னு நினைச்சேன்னா?

அடுத்த ஃபைலைத் திறந்தேன்.

மார்ச் 14

பன்னிரண்டிலும் விட்டுக்கொடுத்திருக்கிறாள். கீழே ஒரு குறிப்பு: "அக்காவோட பழைய ஃபைல்களைப் பார்த்துத்தான் நான் இந்த வேலையையே கத்துக்கிட்டேன். அவங்க மாத்திப் போட்டிருந்தா காரணம் இருக்கும்."

அதனால்தான் நூற்றுக்கு நூறு.

மேற்பார்வையாளர் கை கொடுத்தார், நான்தான் தொடர்கிறேனாம். சந்தோஷப்பட்டேனா? ஒரு நிமிடம் பட்டேன். அதை நினைத்தால்தான் அசிங்கமாக இருக்கிறது.

மார்ச் 17

பன்னிரண்டையும் திருத்தினேன். காரணம் கேட்கும் கட்டத்தில் எழுதினேன்: 'சக ஊழியர்மேல் சந்தேகப்பட்டு, தெரிந்தே தப்பாகப் போட்டேன்.' அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 9

வாஷிங் மெஷின் கையேடு, பதினோராம் பக்கம். ஒப்பந்தம் அவளுக்குப் போய்விட்டது; எனக்கு இப்போது வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு. அரிசி ஒரு பக்கம் வெந்துகொண்டிருக்கிறது.

மத்தியானம் போன். அவள்தான், முதல் முறையாக.

"அக்கா, உங்க இடத்துக்கு ஒருத்தர் வந்திருக்காரு. எல்லாம் என்னோடது மாதிரியே போடுறாரு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

சிரிக்கிறாளா, குத்துகிறாளா? பார், இந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

"டீ குடிக்கக் கூப்பிடும்மா. நான் உன்னை ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்ல."

"இப்பவும் கூப்பிடலாமே" என்றாள்.

நாளை நாலு மணிக்கு வருகிறாள்.