வேண்டாம்னு சொன்னவளின் பாட்டு

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. உன் ராப் பாட்டு எங்க அட்டைப்பெட்டி கம்பெனி வரைக்கும் வந்துடுச்சு. முதல்ல கேட்டப்போ தலைகால் புரியலை, என் தம்பி குரலாச்சே. அப்புறம்தான் வார்த்தை காதுல விழுந்தது.

பச்சைக் குடைக்காரி காரைப் பார்த்ததும் ஆளை மாத்திட்டாளாம். பொண்ணுங்கன்னாலே விலைச்சீட்டு ஒட்டின சரக்காம். ஏன்டா, பச்சைக் குடையோட வர்றவ எங்க பேக்கிங்ல ஒருத்திதானே? உன்னை வேண்டாம்னு சொன்னவளும் அவதானே? அவளுக்கு எந்தக் காருடா வந்தது? தினமும் பஸ்ஸுல என் பக்கத்துல நசுங்கிக்கிட்டுதான் வர்றா.

லாரியில சரக்கு ஏத்துறவங்க அவளைப் பார்த்தாலே அந்த வரியைப் பாடுறாங்க. ஒருநாள் குடையில்லாம மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தா. அப்புறம் வேலைக்கே வரலை. உன்கிட்ட போன்ல கேட்டா, ராப்னா அப்படித்தான்க்கா, எதுகைக்கு வந்து விழுந்த வார்த்தைங்கிறே. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. அம்மாவுக்கு உன் வேகத்துல வார்த்தை பிடிபடலை. பெருமையா அதைப் போட்டுக்கிட்டுதான் காய் நறுக்குறாங்க. நானும் சொல்லலை.

நேத்து அவ திரும்பி வந்துட்டா. சாப்பாட்டு நேரத்துல காலிப்பெட்டியில தாளம் தட்டி, தானே எழுதின ராப்பைப் பாடினா. உன்னைத் திட்டி ஒரு வார்த்தை இல்லை. நான் யாரையும் ஏமாத்தலை, வேண்டாம்னு சொன்னேன், சொல்ல எனக்கு வாய் இருக்குன்னு பாடினா. டேப் ஒட்டுற நாங்க எல்லாரும் கைதட்டினோம். சரக்கு ஏத்துறவர் ஒருத்தர் வந்து, இன்னொரு தரம் பாடும்மான்னு கேட்டார். நீ கேட்டிருந்தா அசந்து போயிருப்பே.

ஒருத்தர் பாடினா இன்னொருத்தர் பதில் பாடுறதுதான் ராப்போட அழகுன்னு நீதானே சொல்லுவே. அடுத்த மாசம் நீ இங்கே மேடை ஏறுறப்போ, அந்தப் பாட்டுக்குப் பதிலா அவ தன் பாட்டைப் பாடட்டும். அவகிட்ட கேட்டுட்டேன், வர்றேன்னு சொன்னா. உடனே மனசுல கோட்டை கட்டாதே. உன்னை மன்னிச்சுட்டதா அவ சொல்லலை.

நீ கெட்டவன் இல்லைடா, எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியட்டும். மைக்கை அவ கையில கொடுத்துட்டு, மேடைக்குக் கீழே நின்னு கடைசி வார்த்தை வரைக்கும் கேளு. நல்லா இருப்பே.

உன் அக்கா