பெயர், நட்சத்திரம்

அன்புள்ள நைனாவுக்கு,

"ஆஞ்சநேயருக்கே கொரோனா குத்திக்கினு கீறியாம்மா?" என்று கேட்டுப் போனை வைத்தாய், அப்புறம் எடுக்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

குரங்குக்கு வைரஸ் ஊசி போடுகிறோம் என்று நான் சொன்னதுதான் தப்பு. எங்கள் வைரஸில் நோய் இல்லை. நோயை எடுத்துவிட்டு, ஒரு மரபணுவை வைத்து மூளைக்குள் அனுப்புகிறோம். அது போய்ச் சேர்ந்த நரம்புகள் மட்டும் வெளிச்சம் பட்டால் வேலை செய்யும். கையை அசைப்பது எந்த நரம்பு என்று அப்படித்தான் தெரியும். உன் கை ஏன் நடுங்குகிறது என்பதும் ஒருநாள் தெரியலாம்.

ஆய்வுக்கூடத்தில் அந்தக் குரங்கு என் கையில்தான் வேர்க்கடலை வாங்கித் தின்னும். நேற்று அதன் மூளைக்குள் வெளிச்சம் பாய்ச்சியதும் அதன் கை தானாக எழுந்தது. எல்லோரும் கைதட்டினோம். அது தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. டீ டம்ளரை எடுக்கும்போது நீ பார்ப்பாயே, அப்படி.

வைரஸ் எங்கெல்லாம் போயிற்று என்று பார்க்க, வெள்ளிக்கிழமை அதன் மூளையை வெளியே எடுக்க வேண்டும்.

சனிக்கிழமை நம் நகரி ஆஞ்சநேயர் கோயிலில் ஓர் அர்ச்சனை செய், நைனா. ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். அந்தக் குரங்குக்கு ஒரு நம்பர்தான் இருக்கிறது. என்னுடையதைச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் மகள்