பில்லில் இருக்கும் பெயர்

மார்ச் 3, செவ்வாய்

கடை திறந்ததும் ஒரு கோட்டு வந்தது. உள்பாக்கெட் கருகி, உள்துணி உருகி ஒட்டிக் கிடந்தது. இந்தச் சலவைக்கடைக் கவுண்டரில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். இஸ்திரிப் பெட்டி சுட்டதா, சிகரெட் சுட்டதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். இது இரண்டும் இல்லை.

"என்ன சார் ஆச்சு?"

"போன்" என்றார் அவர். சட்டைக்குள் நெஞ்சில் கட்டுப் போட்டிருந்தது தெரிந்தது. "தைச்சுக் குடுக்க முடியுமாம்மா?" முடியாது என்று சொல்லவே சங்கடமாக இருந்தது.

மத்தியானம் செய்தியிலும் வந்துவிட்டது. பேட்டரி தீப்பிடிக்கிறதாம், விற்ற போன்களையெல்லாம் கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்கிறதாம். எங்கள் வீட்டில் இருப்பதும் அதே மாடல். ஒன்றல்ல, இரண்டு. ஜோடியாக வாங்கினால் சலுகை என்று போன வருஷம் வாங்கினோம். என் பெயரில் ஒரு பில், இவர் பெயரில் ஒரு பில்.

கம்பெனி அறிக்கையைப் படித்தேன். 'சில சாதனங்களில் அரிதாக வெப்ப உயர்வு ஏற்படலாம்.' வெப்ப உயர்வாம்! வந்து அந்த மனுஷனின் நெஞ்சைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

மார்ச் 4

இரண்டு போனையும் அணைத்து வைத்தாயிற்று. "என்னோடதை ஸ்கூல் பக்கத்து கம்பெனி சென்டர்லயே குடுத்துடறேன். நீ உன்னோடதைப் பாரு" என்றார் இவர். சரி.

மார்ச் 7, சனி

கம்பெனி சென்டருக்குப் போனேன். சூடாகிற போனைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களை நாலு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள். பாதுகாப்புக் காரணமாம், போனோடு யாரும் உள்ளே வரக்கூடாதாம். அப்படியென்றால் எங்கள் பாதுகாப்பு? கேட்டேன். காவலாளி, "எனக்கென்ன தெரியும், சொன்னதைச் செய்றேன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

வரிசையைப் பார்த்தாலும் எரிச்சல்தான். முன்னால் நின்ற அம்மாவுக்கு இலவச ஹெட்போன் உண்டா இல்லையா என்பதே கவலை. பின்னால் ஒருத்தன் இன்னொருத்தனிடம் ரகசியம் பேசுவதுபோல் ஊருக்கே கேட்கச் சொன்னான். "பேசாம எவன் தலையிலயாவது கட்டிட்டுப் போயிருக்கலாம்டா." இரண்டு பேரும் சிரித்தார்கள். திரும்பி ஒரு முறை முறைத்தேன். சீ, என்ன ஜென்மங்கள்!

கவுண்டரில் இருந்தவர் போனை வாங்கி மணல் நிரப்பிய டிரம்முக்குள் இறக்கினார். பில்லைப் பார்த்து, அடையாள அட்டையைப் பார்த்து, பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சார் வீட்டம்மாதானே? நான் சார்கிட்ட படிச்சவம்மா. இன்னிக்கு நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்னா அது சாராலதான்." புதுப் போனை எடுத்துக்கொடுக்கும்போது எழுந்து நின்று கொடுத்தார். பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பெருமையாக இருந்தது.

மார்ச் 9

இவரும் புதுப் போனோடு வந்தார். வேறு கம்பெனி. "பணமா திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றார். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு போன் ஆபத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினாராம், நல்ல கைதட்டலாம். உதவித் தலைமை ஆசிரியர் பேசினால் தட்டாமல் என்ன செய்யும் பிள்ளைகள்?

மார்ச் 14, சனி

எழுதவே கை கூசுகிறது.

பாக்கெட்டில் கை விட்டுப் பார்க்காமல் எந்தத் துணியையும் தண்ணீரில் போடமாட்டேன். கடைப் பழக்கம். இவருடைய பேன்ட்டில் நாலாக மடித்த ஒரு ரசீது. பழைய போன் வாங்கி விற்கும் கடையின் ரசீது. எங்கள் மாடல். 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி, அடியில் இவர் கையெழுத்து. தேதி மார்ச் 5.

செய்தி வந்தது 3ஆம் தேதி. இவர் வாயாலேயே வாசித்துக் காட்டிய செய்தி.

பஸ் டிக்கெட்டைக்கூடக் கிழித்துப் போடத் தெரியாத மனுஷன். இருபத்தாறு வருஷத்துப் பில்லையும் துளை போட்டு, கயிறு கோத்து, வருஷவாரியாக ஃபைலில் வைத்திருக்கிறார். இதையும் கோக்கத்தான் வைத்திருந்தார்போல.

மார்ச் 15

கேட்கவில்லை. துணி காயப்போட்டேன்.

மார்ச் 16

இன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், அதுதான் பயம். யாரோ ஒருவர் அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறார், நான் இங்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். வரிசையில் நின்று ஊரை முறைத்தவள்தானே நான்?

மார்ச் 17

கேட்டுவிட்டேன். ரசீதை மேஜைமேல் வைத்தேன்.

"எல்லாரும் பண்றதுதானே? ஊர் பார்க்க அந்த வரிசையில என்னை நிக்கச் சொல்றியா? லட்சத்துல ஒண்ணு வெடிக்குது."

"அப்ப நீங்களே வச்சிருந்திருக்கலாமே?"

எழுந்துபோய் இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். நல்ல டீதான். குடிக்காமல் வைத்துவிட்டேன்.

மகளிடம் போனில் சொன்னேன். "அப்பாவைப் பத்தித் தெரியாதா? ஏதோ அவசரத்துல செஞ்சிருப்பார். விடும்மா." எதை விடுவது?

மார்ச் 18

அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கையில் விரல் தடிமனுக்கு வெள்ளிக் காப்பு. எதையும் மறைக்கவெல்லாம் இல்லை அவர். "தெரிஞ்சுதாங்க வாங்கினேன். தெரிஞ்சுதானே அவரும் வித்தார்? பாதி விலைன்னதும் கண்ணை மூடிட்டுக் குடுத்தார்." வாங்கியவர் எண்ணைக் கேட்டேன். தரமாட்டேன் என்றார். கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வருகிறவர்களிடமெல்லாம் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னேன். மூன்றாவது ஆள் திரும்பிப் போனதும் எண் வந்துவிட்டது.

கூப்பிட்டேன். "ஹலோ" என்றது ஒரு பெண் குரல். அந்தப் போனிலிருந்துதான் பேசுகிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

மார்ச் 19

வேலை முடிந்து அந்தப் பெண் சொன்ன வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு முதியவரைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிறாள். முப்பது வயது இருக்கலாம். கட்டிலுக்குத் தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே, சார்ஜில், எங்கள் போன். கீறல் விழாமலிருக்கத் திரையில் இவர் ஒட்டிய தாளின் ஓரம் மடங்கியிருந்தது, அதே மடங்கல்தான்.

சார்ஜர் பிளக்கைப் பிடுங்கினேன். "அக்கா, என்ன பண்றீங்க!" என்று கத்தினாள். சொன்னேன்.

"தெரியும்க்கா. சென்டருக்குப் போனேன். பில்லுல பேர் இருக்கிறவர் நேர்ல வரணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வித்த கடைக்காரரும் திரும்ப எடுக்கமாட்டேங்கிறார். இந்தப் பெரியவரோட பையன் மணிக்கொரு தடவை கூப்பிடுவார். எடுக்கலைன்னா வேலை போயிடும். நான் என்னதான் பண்றது?"

அந்தப் பில் யாருடையது என்று சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "அப்ப சாரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்கக்கா" என்றாள், கெஞ்சுகிற மாதிரி. போனை மெஷின் பக்கம் கொண்டுபோக வேண்டாம், வாசல் பக்கம் வை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் புதுப் போனை அங்கேயே அவளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே? பஸ் ஏறிய பிறகுதான் தோன்றியது. முன்னமே தோன்றியிருக்கும், நான் தோன்றவிடவில்லை. தூ!

இவரிடம் சொன்னேன். ஒரு மணி நேர வேலை, வந்து ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றேன்.

"அந்தக் கவுண்டர்ல இருக்கிறவன் என்கிட்ட படிச்சவன்."

"அதனால என்ன?"

"என்னன்னு சொல்லிட்டு அவன் முன்னாடி நிப்பேன்?"

"அங்க ஒரு மனுஷனுக்கு மூச்சு விடவே மெஷின் வச்சிருக்காங்க."

"நீ பெரிசு பண்ணாதே."

இந்த மனுஷன்தான் பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாலு நாள் கூடவே இருந்தவர். எது நிஜம்? அப்போது ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, அதுவா?

மார்ச் 20, வெள்ளி

கடைக்கு லீவு சொன்னேன். ஃபைலிலிருந்து பில்லை எடுத்தேன். அந்தப் பெண்ணின் கையில் என் போனைக் கொடுத்து, அவளுடைய சிம்மை அதில் போட்டுவிட்டு, பழையதை அணைத்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொண்டு, பெரியவருக்குத் துணையாகப் பக்கத்து வீட்டம்மாவை உட்கார வைத்துவிட்டு இரண்டு பேருமாகப் போனோம். பஸ்ஸில் வழியெல்லாம் டப்பா என் மடியில். ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போய் வந்தது.

கவுண்டரில் அதே ஆள். பில்லைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். "சார் வரலையாம்மா?"

"வரமாட்டார். செய்தி வந்ததுக்கப்புறம் இந்தப் பொண்ணு தலையில கட்டிட்டார். அதான்."

சொல்லிவிட்டேன். சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது, பின்னால் வரிசையே அடங்கிப்போயிற்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதினார். "சாருக்கு உடம்பு முடியலைன்னு போட்டுக்கறேம்மா. சார் பேர் கெட வேண்டாம்" என்றார் மெதுவாக. அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. இவருக்காக இன்னொருத்தர் பொய் எழுத வேண்டியிருக்கிறதே!

வந்த புதுப் போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். என்னுடையதைத் துடைத்துத் திருப்பித் தந்தாள். நன்றி சொன்னாள். அவள் எனக்கு நன்றி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் இவர் முதலில் கேட்டது: "என் ஃபைலைத் தொட்டியா?"

மார்ச் 21

பதினொரு மணிக்குக் கவுண்டர்காரர் கூப்பிட்டார். காலையில் சென்டரைத் திறந்தால் அறை முழுக்கப் புகையாம். டிரம்மில் ஒரு போன் எரிந்து, மணலோடு சேர்ந்து கட்டியாகிக் கிடக்கிறதாம். "போனோட சீரியல் நம்பரை ரெஜிஸ்டரோட ஒத்துப் பார்த்தேம்மா. சாரோடது. அணைச்சு வச்சிருந்தும் எரிஞ்சிருக்கு."

வாசல் பக்கம் வை என்று புத்தி சொன்னேனே. என்னை எதால் அடிப்பது?

கடைக்குள் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். முதலாளியம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கட்டிலும் மெஷினும் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

வீட்டுக்குப் போய் இவரிடம் சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இப்போதாவது கேட்பார், அந்தப் பெண் எப்படி இருக்கிறாள், அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன்.

"என் பேர் எங்கயாவது வந்துச்சா?" என்றார்.

மார்ச் 22

அக்காவுக்குப் போன் செய்தேன். காரணம் கேட்கவில்லை. "வா" என்றாள்.

ஏப்ரல் 6, திங்கள்

அக்கா வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது. பழகிவிட்டது.

இன்று இவர் கடைக்கு வந்தார். கையில் இரண்டு சட்டை. முதலாளியம்மா நாசூக்காக உள்ளே போய்விட்டாள். சட்டைகளைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "ஸ்கூல்ல எல்லாரும் விசாரிக்கிறாங்க. என்ன சொல்றதுன்னே தெரியலை" என்றார். இளைத்திருந்தார். காலர் மடங்கியிருந்தது. பாவமாக இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் அந்தப் பேச்சுக்கு அடுத்து அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு கேள்வியாவது வருமா என்று பார்த்தேன், வரவில்லை.

டோக்கன் புத்தகத்தை எடுத்தேன். இரண்டு சட்டை, சலவை, இஸ்திரி என்று எழுதினேன்.

"பேர் என்ன போடட்டும்?" என்று கேட்டேன்.

"என்ன விளையாட்டு இது?"

"எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான்."

பேரைச் சொன்னார். எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். வியாழக்கிழமை தயாராகிவிடும் என்றேன்.