உப்பில்லா விரதம்

அன்புள்ள கலைமதிக்கு,

நீயும் பிள்ளை இனியனும் நலமா? போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

லீவு கிடைத்து ஊருக்கு வரவேண்டும் என்று மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, உப்பில்லாமல் சாப்பிட்டு வந்தேன். மஸ்கட் வெயிலில் கம்பி கட்டும்போது பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்து, மயங்கி விழுந்துவிட்டேன். பயப்படாதே. "வேர்வையில உப்பெல்லாம் போயிடுச்சுண்ணா. அதான் குடிச்ச தண்ணி மூளையில இருக்கிற செல்லுக்குள்ள பூந்து மூளையே வீங்கிடுச்சு" என்றார் இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நம் விழுப்புரத்து நர்ஸ். இப்போது ஊசி வழியாக உப்புநீர் ஏற்றுகிறார்கள்.

அமாவாசைக்கு செஞ்சியில் ஸ்பெஷல் பஸ் ஏறிப் போய், விரதம் முறிந்ததை அம்மனிடம் சொல்லிவிடு. யாராவது இங்கே வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு.

லீவு கிடையாது என்று கம்பெனியில் போன மாதமே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் உப்பைத் தொடாமல்தான் இருந்தேன், கலை. வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

இளவழகன்