தூறல் போதாத படம்

உன் கேமராப் பையை இன்று திறந்தேன். ராத்திரி வானத்தைப் படமெடுக்கப் போன கர்ஜத் வயல்வெளியில் நாம் பூசிக்கொண்ட கொசு மருந்தின் வாசம் இன்னும் அதில் இருக்கிறது. உடனே மூடிவிட்டேன். உன் பொருளைத் தொடும் யோக்கியதை எனக்கு இப்போது இல்லை.

உன் முதல் வருஷத் திதிக்கு, நீ கடைசியாக எடுத்த ஓரியன் நெபுலா என்ற விண்மேகத்தின் படத்தைச் செம்பூர் வீட்டு ஹாலில் மாட்ட வேண்டும் என்று உன் மனைவி கேட்டாள். "நல்லா பெருசா வேணும் அண்ணே. வாசல்ல இருந்தே தெரியணும்." நீ எடுப்பாய், நான் கம்ப்யூட்டரில் சேர்ப்பேன், அதுதானே நம் ஏற்பாடு. சரி என்றேன்.

மேகம் மூடி, நீ பாதியில் மூட்டை கட்டிய தடவை அது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டிய பிரேம்கள் கொஞ்சம்தான். அவற்றை அடுக்கும்போது திரையில் ‘டிரிசில்’, அதாவது தூறல், என்ற பெட்டி வழக்கம்போல் கேட்டது: அளவு ஒன்றா, இரண்டு மடங்கா? துளி எவ்வளவு சின்னது? ஒவ்வொரு பிரேமின் புள்ளியையும் சிறு துளியாக்கி, நெருக்கமான கட்டங்களில் தூவுகிற வேலை. துளிகள் நிறைய விழுந்தால், பெரிதாக்கினாலும் படம் கூர்மையாக இருக்கும். நான் நெருளுக்குக் குடிபோகும் முன், ஸ்டாஃப் பஸ்ஸில் அணுசக்தி நகர் வரும்வரை நமக்கு இதே பேச்சு. "தூத்தல் பத்தலன்னா தர நனையாதுல. பிரேம் கம்மின்னா ஒண்ணோட நிப்பாட்டு" என்பாய்.

நான் இரண்டு போட்டேன். அவள் பெரிதாகக் கேட்டாள் என்பது பாதிக் காரணம். மீதி, என் கைவரிசையைப் பார்த்து நாலு பேர் வாய் பிளக்க வேண்டும் என்ற ஆசை. துளி விழாத இடமெல்லாம் சல்லடையாகத் தெரிய, அதை மழுப்பினேன். குப்பைப் புள்ளிகளை நீக்கும் வரம்பையும் தளர்த்தினேன். ஒரே ஒரு பிரேமில் கேமரா தானாகத் துப்பிய சிவப்புப் புள்ளி, அசல் நட்சத்திரம் போல ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது. பார்த்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று பிரிண்டுக்குக் கொடுத்தேன்.

போன வாரம் உன் வீட்டுக்குப் போனபோது அவள் அந்தப் புள்ளியைத்தான் காட்டினாள்.

"தெனம் வெளக்கேத்திட்டு இதத்தான் பாக்கேன். அவுகளாட்டம் ஓரமா, சத்தமில்லாம இருக்குல்லா? இதுக்கு என்ன பேரு அண்ணே?"

"பேரு எதுவும் வைக்கல" என்று முணுமுணுத்துவிட்டுக் கிளம்பினேன். வானத்தில் இல்லாத ஒன்றைப் படத்தில் விட்டால் ஒரு வாரம் என்னோடு பேசமாட்டாயே, நீ இருந்திருந்தால் என் முகத்தில் விழித்திருப்பாயா?

நேற்று, அளவு ஒன்றிலேயே சேர்த்த சின்னப் படத்தோடு போய் உள்ளதைச் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவள் பெரிய படத்தைத் தானே இறக்கினாள். அந்தப் புள்ளியின் மேல் இருந்த தூசியை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள்.

"பெருசா வேணும்னு கேட்டது நாந்தான. ஒங்க மேல என்ன தப்பு?" என்றாள்.

பழியையும் அவளே எடுத்துக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை.

சின்னதை அதே ஆணியில் மாட்டிவிட்டு, பெரிய படத்தோடு ரயில் ஏறினேன். எதிர் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அரே வா! கிஸ்னே லியா?" என்றார், யார் எடுத்தது என்று. உன் பேரைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. நீ எடுத்தது சின்னதாக உன் வீட்டுச் சுவரில் இருக்கிறது. இது என் வேலை என்று சொல்லி, படத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன்.